ஒரே ஜாப், ஆறு மெட்டீரியல்: மில்லிங்கில் ஃபீடும் ஸ்பீடும் எப்படி வைத்தேன்

காங்கேயம் பக்கம் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் அடைக்கும் சின்ன யூனிட் ஒன்றுக்கு, அவர்களுடைய நிரப்பு மெஷினில் தேய்ந்துபோன பாகங்களைப் புதிதாகச் செய்து தர வேண்டியிருந்தது. அடித்தட்டு 16 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட், பிராக்கெட்டுகள் அலுமினியம் 6061, எண்ணெய் படுகிற நாசில் பிளாக் எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), புஷ்கள் பித்தளை, பாட்டிலைத் தள்ளிக்கொண்டு போகிற ஸ்டார் வீல் டெல்ரின் என்ற பிளாஸ்டிக், முன்பக்க மூடி அக்ரிலிக். ஒரே ஜாபில் இத்தனை மெட்டீரியல் ஒன்றாக வருவது அபூர்வம். எதற்கு என்ன ஃபீடு (டேபிள் நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. நகர்கிறது என்பது) வைத்தேன், ஏன் வைத்தேன் என்று எழுதி வைத்தால் இப்போதுதான் மில்லிங் கற்றுக்கொள்கிற பசங்களுக்கு உதவும் என்று தோன்றியது.

மெஷின் 8000 ஆர்.பி.எம். ஸ்பிண்டில், டூல் ஹோல்டர் உட்கார பி.டி.40 டேப்பர் உள்ள வி.எம்.சி., அதாவது புரோகிராமில் ஓடும் மில்லிங் மெஷின். உங்களிடம் எம்1டி.ஆர். மாதிரி கையால் ஓட்டும் மில்லிங் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான், எண்கள் மட்டும் சிறியதாகும்.

முதலில் அந்தக் கணக்கு. வெட்டு வேகத்தை 1000ஆல் பெருக்கி, 3.14ஐயும் கட்டர் விட்டத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் ஆர்.பி.எம். வெட்டு வேகம், அதாவது பல்லின் முனை ஓடும் வேகம், நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கில், விட்டம் மி.மீ. கணக்கில். அந்த ஆர்.பி.எம்.ஐப் பல்லின் எண்ணிக்கையாலும், ஒரு பல் ஒரு சுற்றில் எவ்வளவு கடிக்கிறதோ அந்த அளவாலும் பெருக்கினால் டேபிள் ஃபீடு. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் ஆர்.பி.எம்.இலிருந்து தொடங்கி, ஃபீடைக் காதில் விழும் சத்தத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். சத்தம் வந்தால் உடனே கை, ஃபீடைக் கூட்டிக் குறைக்கும் ஓவர்ரைடு குமிழுக்குப் போய் 50 சதவீதத்துக்கு இறக்கிவிடும். நான் ஒரு பல் கடிக்கிற அளவைத்தான் முதலில் வைப்பேன், மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்றபடி மாற்றுவேன். காரணம் எளிது. எண்ட்மில்லின் (பக்கத்திலும் நுனியிலும் வெட்டுகிற கட்டர்) வெட்டு முனை கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிந்தாலும் அதற்கு ஒரு சின்ன வளைவு உண்டு, கோட்டிங் போட்ட கார்பைடு என்ற மிகக் கடினமான கட்டர் பொருளில் அது 10 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும். சிப்பின் (வெட்டி வரும் துருவலின்) தடிமன் அதைவிடக் குறைந்தால் பல் வெட்டாது, தேய்க்கும். மழுங்கின அரிவாள்மனையில் தக்காளி நசுங்குகிற மாதிரிதான். தேய்த்தால் சூடு, சூட்டால் முனை போகும், முனை போனால் இன்னும் தேய்க்கும். ஃபீடை இறக்கி டூலைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டே டூலைக் கொல்வது இப்படித்தான் நடக்கிறது.

கேட்லாக்கில் இருக்கிற எண்கள் நல்ல ஹோல்டர், குட்டையாகப் பிடித்த டூல், ஆடாத ஜாப் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு போட்டவை. நம் நிலைமை அதைவிடச் சுமார் என்றால் வெட்டு வேகத்தில் 70 சதவீதம் வைத்துத் தொடங்கலாம், டெப்த்தைக் குறைக்கலாம், பக்கவாட்டில் எடுக்கும் அகலத்தைக் குறைக்கலாம். பல் கடிக்கிற அளவை மட்டும் கேட்லாக்கின் கீழ் எல்லைக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள்.

அலுமினிய பிராக்கெட்டை முதலில் எடுத்தேன், ஏனென்றால் அதில் யோசிக்க அதிகம் இல்லை. 10 மி.மீ. மூன்று பல் கார்பைடு, கோட்டிங் இல்லாதது. ஸ்பிண்டிலின் உச்சமான 8000இலேயே வைத்தேன், 10 மி.மீ.க்கு அது சுமார் 250 மீட்டர் வேகம்தான் ஆகிறது, 6061 அதற்கு மேலேயும் தாங்கும். பல்லுக்கு 0.08 மி.மீ., அதாவது நிமிடத்துக்கு 1920 மி.மீ. ஆழம் 10, அகலம் 4. ஸ்லாட் (கட்டரின் முழு அகலத்துக்கும் வெட்டும் பள்ளம்) வருகிற இடத்தில் மட்டும் ஆழம் 5ஆக, பல்லுக்கு 0.06ஆகக் குறைத்தேன், ஏனென்றால் ஸ்லாட்டில் சிப் வெளியே போக வழி மேலே மட்டும்தான். அலுமினியத்தில் கட்டர் உடைவது பெரும்பாலும் விசை தாங்காமல் இல்லை. சிப் பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு இடம் அடைத்துப் போவதால்தான். அதனால் கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) முனை எங்கே பார்க்கிறது என்பதைத்தான் ஃபீடு எண்ணைவிட அதிக நேரம் சரிபார்த்தேன். கருநீல நிறத்தில் வருகிற டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு கோட்டிங் கட்டரை இதற்கு எடுக்காதீர்கள், அந்தக் கோட்டிங்கிலேயே அலுமினியம் இருப்பதால் சிப் போய் அதில் ஒட்டும்.

ஃபினிஷிங் பாஸ் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுவர் பளபளப்பாக வர வேண்டும் என்று ஃபீடைப் பாதியாக இறக்குவது எல்லா ஷாப்பிலும் இருக்கிற பழக்கம். எண்ட்மில்லின் பக்கவாட்டு வெட்டில் பல் விடுகிற மேட்டின் உயரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: பல் கடிக்கிற அளவின் வர்க்கத்தை, விட்டத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். 0.08க்கு, 10 மி.மீ. கட்டரில், அது 0.00016 மி.மீ. ஒன்றுமே இல்லை. ஆனால் டூல் கோணலாகச் சுழன்று மூன்று பல்லில் ஒரே பல்தான் கடைசியாகச் சுவரைத் தொடுகிறது என்றால், கணக்கில் வருவது ஒரு சுற்றின் ஃபீடு, அதாவது 0.24. அப்போது உயரம் ஒன்பது மடங்காகி ஒன்றரை மைக்ரான் பக்கம் போகும், நகத்தால் தடவினால் வரி தெரியத் தொடங்கும். ஆக, சுவரில் வரி தெரிந்தால் ஃபீடை இறக்குவதற்கு முன்னால் டயல் வைத்து ரன்அவுட் (சுழலும்போது டூல் ஆடும் அளவு) பாருங்கள். டூலைக் கவ்விப் பிடிக்கிற கொலெட்டைக் கழற்றித் துடைத்து, நட்டின் உட்பக்கத்தையும் துடைத்து மறுபடி மாட்டினாலே பல நேரம் சரியாகிவிடும்.

எம்.எஸ். அடித்தட்டு காஸ் கட்டிங் செய்து வந்த பிளேட். காஸ் வெட்டின ஓரம் உள்ளே இருப்பதைவிடக் கடினமாக இருக்கும், மேலே செதிலும் இருக்கும். இதன் மேல் 0.3, 0.4 என்று சுரண்டிக்கொண்டே போனால் கட்டரின் முனை அந்தக் கடினத் தோலிலேயே ஓடி வீணாகும். தோலுக்குக் கீழே இறங்கி ஒரேயடியாக எடுப்பதுதான் கட்டருக்கு நல்லது.

ஓரங்களுக்கு 12 மி.மீ. நான்கு பல் கோட்டிங் கார்பைடு. சாதாரணமாக 120 மீட்டர், அதாவது சுமார் 3200 ஆர்.பி.எம்., பல்லுக்கு 0.06, ஃபீடு 770 பக்கம் வைப்பது வழக்கம். இங்கே பிளேட்டின் முழு 16 மி.மீ. உயரத்தையும் ஒரே ஆழமாக வைத்து, பக்கவாட்டில் 1.2 மட்டும் எடுத்தேன். இப்படி விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் எடுக்கும்போது பல் வட்டத்தின் ஓரத்தில் மட்டும் மெட்டீரியலைத் தொடுகிறது, அதனால் புரோகிராமில் 0.06 என்று போட்டாலும் உண்மையான சிப்பின் தடிமன் அதில் 60 சதவீதம்தான் வரும், 0.036. அதைச் சரிக்கட்டப் பல்லுக்கு 0.1 போட வேண்டும். தொடுகிற நேரம் குறைவு, ஆறுகிற நேரம் அதிகம் என்பதால் வேகத்தையும் 160 மீட்டருக்கு ஏற்றலாம். 4200 ஆர்.பி.எம்., ஃபீடு 1680. எண்ணைப் பார்த்தால் பயமாக இருக்கும். லோடு மீட்டர் அசையவே இல்லை, கணக்குப்படி ஸ்பிண்டிலுக்கு வேண்டியது 1 கிலோவாட்டைச் சுற்றித்தான். கட்டரின் நுனியில் மட்டும் 2 மி.மீ. தேயாமல் 16 மி.மீ. நீளமும் சமமாகத் தேய்வது இன்னொரு லாபம், பல்லின் முழு நீளத்துக்கும் நாம் காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம்.

கூலண்ட் போடவில்லை, ஏர் மட்டும். கார்பைடு ஒவ்வொரு சுற்றிலும் சூடாகி, மேலே தண்ணீர் பட்டுச் சட்டென்று ஆறினால் முனையில் குறுக்கே நுண்ணிய விரிசல் விடும். சிப் வைக்கோல் நிறத்திலிருந்து நீலம் வரை வந்தது. சூடு சிப்போடு வெளியே போகிறது என்று அர்த்தம். பிளேட்டைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புதான்.

வேகத்தை இன்னும் ஏற்றலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. ஃப்ரெடரிக் டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் பல வருடம் உலோகம் வெட்டிப் பார்த்து, வெட்டு வேகத்துக்கும் டூலின் ஆயுளுக்கும் உள்ள உறவை 1900களின் தொடக்கத்திலேயே சூத்திரமாகக் கொடுத்துவிட்டார். கார்பைடுக்கு அதில் வழக்கமாகப் போடும் அடுக்கு 0.25. அதன்படி வேகத்தை 20 சதவீதம் ஏற்றினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஃபீடை 20 சதவீதம் ஏற்றினால் ஆயுள் இவ்வளவு விழாது. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றால் முதலில் ஆழம், அப்புறம் ஃபீடு, கடைசியில்தான் ஆர்.பி.எம். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) கட்டருக்கு இந்த விஷயம் இன்னும் கொடூரம், அங்கே வேகம் கொஞ்சம் கூடினாலே முனை போய்விடும். கை மில்லிங்கில் எம்.எஸ்.ஸுக்கு 25 மீட்டர், 10 மி.மீ. கட்டருக்கு 800 ஆர்.பி.எம்., நான்கு பல்லுக்கு 125 மி.மீ. ஃபீடு என்று வைத்துக்கொண்டால் நிம்மதியாக ஓடும்.

இப்போது 304. இந்த ஜாபில் என் கவனம் முழுவதும் இங்கேதான் போனது.

பார்ட்டி கொண்டுவந்த பிளாக்குகளில் ஒன்று வேறொரு இடத்தில் பாதி வேலை செய்து நிறுத்தினது. அதன் பாக்கெட் சுவர் கண்ணாடி மாதிரி மின்னியது. பார்க்க நல்ல ஃபினிஷ் போலத் தெரியும், ஆனால் அரத்தை வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போனது. 304ஐத் தேய்த்தால் மேல்தோல் அழுத்தத்தால் இறுகிக் கடினமாகிவிடும், அடுத்து வருகிற பல் அந்தக் கடினத் தோலைத்தான் வெட்ட வேண்டியிருக்கும். போதாததற்கு இதன் வெப்பக் கடத்தல் மிகக் குறைவு, 6061இல் பத்தில் ஒரு பங்குதான், எம்.எஸ்.ஸில் மூன்றில் ஒரு பங்கு. சூடு ஜாபுக்குள் போகாமல் வெட்டு முனையிலேயே நிற்கும். மெதுவாக, மென்மையாகச் செய்வோம் என்கிற எண்ணம் மற்ற மெட்டீரியலில் நேரத்தை மட்டும் தின்னும். இதில் ஜாபையே கெடுத்துவிடும்.

அதனால் வேகம் குறைவு, கடி தைரியம். 10 மி.மீ. நான்கு பல், பல்லின் இடைவெளி சமமாக இல்லாத வகை, 75 மீட்டர், 2400 ஆர்.பி.எம். ஆழம் 15, அகலம் 1 மி.மீ. எடுத்து, சிப் மெலிவதைச் சரிக்கட்டப் பல்லுக்கு 0.08. ஃபீடு 770க்குக் கொஞ்சம் குறைவு. திசை எப்போதும் கிளைம்ப்தான், அதாவது பல் வெட்டுகிற திசையும் ஜாப் நகர்கிற திசையும் ஒன்றாக இருப்பது. கிளைம்பில் பல் தடித்த சிப்போடு உள்ளே நுழைந்து மெல்லியதாக வெளியேறும், எதிர்த்திசையில் வைத்தால் பூஜ்யத் தடிமனில் தேய்த்துக்கொண்டே நுழையும். கை மில்லிங்கில் ஸ்க்ரூவில் ஆட்டம் இருந்தால் கிளைம்ப் டேபிளையே இழுத்துவிடும், அங்கே கவனம். கூலண்ட் திறந்தால் விடாமல் ஓட வேண்டும், விட்டுவிட்டு ஓடுவதற்கு இல்லாமலே இருக்கலாம். நான் முழு ஓட்டமாக விட்டேன்.

அந்தப் பாதி வேலை பிளாக்கில் கடினத் தோலுக்குக் கீழே போவதற்கு இன்னும் எவ்வளவு மெட்டீரியல் மிச்சம் இருக்கிறது என்று முதலில் அளந்தேன். நல்லவேளை, சுவரில் ஒரு மி.மீ.க்கு மேல் இருந்தது. ஒரே பாஸில் 0.6 எடுத்தேன், முதல் சில வினாடி சத்தம் கடுமையாக இருந்தது, தோல் போனதும் குரல் மாறிச் சாதாரணமாகிவிட்டது. ஃபினிஷிங்குக்கு எல்லோரும் வைக்கிற 0.15ஐ இதில் வைக்கக்கூடாது என்பதற்குக் கணக்கே சாட்சி: 10 மி.மீ. கட்டரில் 0.15 அகலத்துக்குப் பல்லுக்கு 0.05 போட்டால் உண்மையான சிப் 0.012 மி.மீ., முனையின் வளைவோடு சமம், வெட்டுவதும் தேய்ப்பதும் பாதிப்பாதி. நான் 0.3 விட்டு, பல்லுக்கு 0.07 வைத்தேன். சிப் 0.024 வரும், வெட்டும். சுவர் கண்ணாடியாக மின்னாமல் லேசான மங்கலோடு வந்தது, 304இல் எனக்குப் பிடித்த முகம் அதுதான்.

நாசில் துளைக்கு 8.5 கோபால்ட் டிரில், 12 மீட்டர் வேகம், 450 ஆர்.பி.எம்., சுற்றுக்கு 0.12, ஃபீடு 54. அடியில் நின்று சுழல விடாதீர்கள், நின்ற இடம் இறுகிவிடும், பின்னால் மரை போட வருகிற எம்10 டேப் அதை உங்களுக்கு ஞாபகப்படுத்தும்.

ஓ-ரிங் பள்ளத்துக்கு 3 மி.மீ. கட்டர். சின்ன கட்டரில்தான் ரன்அவுட் உயிரை எடுக்கும். பல்லுக்கு 0.015 கடிக்க வேண்டிய இரண்டு பல் கட்டர் டயலில் 0.02 ஆடினால், ஒரு பல் 0.03 கடிக்கும், இன்னொன்று காற்றில் சுழலும். உடைந்தால் ஃபீடு அதிகம் என்று சொல்லி இறக்குவோம், காரணம் கொலெட்டில் இருக்கும். 0.005க்குள் வரும்வரை டூலைக் கொலெட்டில் திருப்பித் திருப்பி மாட்டினேன். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளமும் அதே அளவு முக்கியம். கட்டர் வளைவது அந்த நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும், விட்டத்தின் நான்மடிப் பெருக்கத்தில் குறையும். 25 மி.மீ. நீட்டினதை 30 ஆக்கினால் வளைவு 70 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. 10க்குப் பதில் 12 மி.மீ. கட்டர் போட்டால் பாதியாகிறது. சாட்டர் (டூல் அதிர்ந்து சத்தம் போடுவது) வந்தால் ஆர்.பி.எம்.ஐ 10, 15 சதவீதம் இறக்கிப் பாருங்கள், ஃபீடு அப்படியே இருக்கட்டும். டூலைக் குட்டையாகப் பிடிக்க முடியுமா என்று அதற்கும் முன்னால் பாருங்கள்.

பித்தளை புஷ்ஷில் தட்டை முகம் எடுப்பது மட்டும்தான் மில்லிங் வேலை. 6 மி.மீ. இரண்டு பல், 8000, பல்லுக்கு 0.04, ஃபீடு 640, எண்ணெயும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம். சிப் ஊசி ஊசியாகப் பறக்கும், கண்ணாடி அணியாமல் பக்கத்தில் நிற்காதீர்கள். துளையிடும்போது கூரான டிரில் பித்தளையைக் கவ்விக்கொண்டு உள்ளே இழுக்கும், டிரிலின் வெட்டு ஓரத்தை ஆயில் ஸ்டோனில் லேசாகத் தட்டையாக்கிவிட்டால் இழுக்காது.

டெல்ரின் வெட்ட இனிமையான பொருள், ஆனால் சூட்டோடு அதற்கு ஒத்துவராது. 175 டிகிரியில் உருகும். சூட்டைக் குறைப்பதற்கு வழி மெதுவாகப் போவது என்று தோன்றும், செய்ய வேண்டியது சிப்பைத் தடிமனாக்குவது. 10 மி.மீ. இரண்டு பல், புதிய கூர்மையான கட்டர், 5000 ஆர்.பி.எம்., பல்லுக்கு 0.15, ஃபீடு 1500, ஏர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிப் வெள்ளைத் துருவலாக, உதிரி உதிரியாக வர வேண்டும். நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தாலோ ஓரம் சுருண்டாலோ கட்டர் மழுங்கிவிட்டது அல்லது ஃபீடு போதவில்லை. கண் எரிந்தால் உடனே நிறுத்துங்கள், டெல்ரின் கருகினால் ஃபார்மால்டிஹைடு வரும்.

டெல்ரினில் அளவெடுப்பது தனிப் பாடம். ஸ்டார் வீலின் விட்டம் 200 மி.மீ. இந்தப் பிளாஸ்டிக் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.11 மி.மீ. விரியும், அதாவது வீல் 10 டிகிரி சூடாக இருக்கும்போது அளந்தால் 0.22 மி.மீ. பெரிதாகக் காட்டும். இரும்பில் இதே நிலைமையில் 0.024தான். ரஃப்பிங் முடித்துப் பிடியைத் தளர்த்தி, ஒரு இரவு அப்படியே விட்டு, காலையில் ஃபினிஷ் செய்தேன். பாட்டில் உட்காரும் பள்ளங்கள் எல்லாம் ஒரே அளவில் வந்தன. வைஸில் இறுக்கிப் பிடித்தாலும் அமுங்கும் என்பதால் நடுத் துளையில் போல்ட் போட்டுப் பிடித்ததுதான் வசதி.

அக்ரிலிக் மூடிக்கு காஸ்ட் ஷீட் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ட்ரூடட் ஷீட் விலை குறைவு, ஆனால் சீக்கிரம் இளகி, வெட்டின பாதையில் சிப் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். 6 மி.மீ. ஷீட்டுக்கு 6 மி.மீ. ஒற்றைப் பல் கட்டர், 8000 ஆர்.பி.எம்., பல்லுக்கு 0.12, ஃபீடு 960, ஏர். ஆழம் இரண்டு பாஸாக, கடைசியில் 0.2 சுற்றி ஒரு பாஸ். மூலையில் கட்டர் நின்று திரும்பினால் அந்த இடம் உருகித் தெரியும், அதனால் புரோகிராமிலேயே எல்லா மூலைக்கும் ஆரம் கொடுத்துவிட்டேன். வேலை முடிந்ததும் ஸ்பிரிட், தின்னர் எதையும் தொடாதீர்கள், வெட்டின ஓரத்தில் இருக்கிற இறுக்கத்தால் சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடும், சில சமயம் மறுநாள்தான் தெரியும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். அந்த யூனிட்டில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கத் தின்னர் வைத்திருப்பார்கள் என்பதால், மூடியைக் கொடுக்கும்போது இதை ஒரு ஸ்டிக்கரில் எழுதி உட்பக்கம் ஒட்டியே கொடுத்தேன்.